சந்தேகத்தோடு செபிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு வாசிக்கப்படும் தோமா சந்தேகப்பட்ட நற்செய்திப் பகுதியை (யோவான் 20) ஒட்டி, விசுவாசம் பற்றிய ஐயங்களை எழுதும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள் பலவற்றில் பெயர் இல்லை, ஊர் மட்டுமே இருக்கிறது. சபைக்குள் பெயரோடு கேட்க முடியாத கேள்வியாக இது இருப்பது எங்களுக்கு வருத்தம். கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் எழுதியிருப்பதால் இரு பக்கத்துச் சொற்களும் கலந்து வரும். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறோம்.

ஆராதனையில் விசுவாசப்பிரமாணம் சொல்லேக்க, "விசுவாசிக்கிறேன்" எண்ட சொல்லிலேயே நாக்குத் தடுக்குது. பொய் சொல்லுற மாதிரி இருக்கு. யாக்கோபு 1:6ஐ வாசிச்சால் இன்னும் பயம். கொஞ்ச நாளைக்குத் திருவிருந்துக்குப் போகாமல் இருக்கலாமோ? – ஆசிரியை, மானிப்பாய்

போங்கள். நிற்க வேண்டாம்.

உங்களைப் பயப்படுத்துகிற வசனத்தை முதலில் பார்ப்போம். சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பானவன் என்கிறார் யாக்கோபு. அதற்கு முந்திய வசனத்திலேயே தேவன் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்று எழுதிவிட்டுத்தான் இதைச் சொல்கிறார். 6ஆம் வசனத்தில் "சந்தேகப்படுதல்" என்று வருவது கிரேக்கத்தில் "தியாக்ரினோ" என்ற வினை. தனக்குள்ளேயே பிரிந்து நிற்பது அதன் பொருள்களில் ஒன்று. 8ஆம் வசனத்தில் அதே ஆளை "இருமனமுள்ளவன்" என்கிறார். அந்தச் சொல் இந்த நிருபத்தில் இன்னுமொரு முறைதான் வருகிறது, 4:8இல். அங்கே பேச்சு, உலகத்தோடும் சிநேகம் தேவனோடும் சிநேகம் என்று வாழ்கிறவர்களைப் பற்றியது. யாக்கோபு கண்டிப்பது இரண்டு தோணியில் கால் வைக்கிறவனை. ஒரே தோணியில் இருந்துகொண்டு "இது கரை சேருமோ" என்று நடுங்குகிறவர் வேறு ஆள். நீங்கள் அந்த இரண்டாவது ஆள்.

மாற்கு 9இல் வலிப்புள்ள பிள்ளையின் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார். முழுதாய் நம்பிவிட்டுத் திரும்பி வா என்று இயேசு அனுப்பவில்லை. அடுத்த வசனங்களிலேயே பிள்ளை குணமாகிறான். மத்தேயு 28:17இல், உயிர்த்த ஆண்டவரைக் கண்ணால் கண்டு பணிந்த இடத்திலேயே "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்றிருக்கிறது. அங்கே வரும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில்தான் உண்டு. மற்றது, கடலில் அமிழ்ந்த பேதுருவைப் பார்த்து "ஏன் சந்தேகப்பட்டாய்" என்று கேட்ட இடம். அங்கேயும் கையை நீட்டிப் பிடித்த பிறகுதான் கேள்வி வந்தது. சந்தேகப்பட்டவர்களை மலையிலிருந்து இறக்கிவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் "புறப்பட்டுப் போங்கள்" என்று சொன்னதாக மத்தேயு எழுதவில்லை.

இனி, நாக்குத் தடுக்கும் இடம். எந்தச் சொற்றொடரில் தடுக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "சர்வ வல்லமையுள்ள பிதா" என்ற இடத்திலா, "கன்னிமரியாள்" என்ற இடத்திலா, "சரீரம் உயிர்த்தெழுதல்" என்ற இடத்திலா? எல்லாம் போய்விட்டது என்று வருகிறவர்கள் பலருக்கு உண்மையில் ஆட்டம் கண்டிருப்பது ஒரு வரிதான். அந்த வரி வரும்போது வாயை மூடாதீர்கள். சபையோடு சொல்லிவிட்டு, மனதுக்குள் அந்தத் தகப்பனின் வசனத்தைச் சேருங்கள். 325இல் நைசியாவில் எழுதப்பட்ட பிரமாணம் "விசுவாசிக்கிறோம்" என்று பன்மையில்தான் தொடங்குகிறது. உங்கள் குரல் தளரும் ஞாயிறன்று வாங்கில் உங்களுக்கு இடதும் வலதும் நிற்பவர்கள் அந்த வரியைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். இன்னொரு ஞாயிறு நீங்கள் அவர்களுக்குப் பிடிப்பீர்கள்.

திருவிருந்தைப் பற்றி: "அபாத்திரமாய்" உண்பது என்று பவுல் 1 கொரிந்தியர் 11இல் எழுதியதற்குக் காரணம் அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது. ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருந்தான், இல்லாதவர்கள் வெட்கப்படுத்தப்பட்டார்கள். ஐயமுள்ளவர்களை விலக்க எழுதிய வசனமல்ல அது.

இன்னொன்று. மனம் வறண்டு கிடக்கும் காலத்தில், நல்ல காலத்தில் எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது என்பது இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் விதி. 10 நிமிடம் செபிக்கிற பழக்கம் இருந்தால் 10 நிமிடமே இருங்கள். குறைக்கவும் வேண்டாம், பயத்தில் ஒரு மணித்தியாலமாகக் கூட்டவும் வேண்டாம்.

மாற்கு 16:9–20 பழைய பிரதிகளில் இல்லை என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கல்லறைக்குப் போன பெண்களின் எண்ணிக்கையும் நான்கு நற்செய்தியில் நான்கு விதம். அன்றிரவு நித்திரை இல்லை. இதையெல்லாம் ஏன் எங்களுக்கு மறைத்தார்கள்? – கம்பஸ் மாணவன், திருநெல்வேலி (யாழ்ப்பாணம்)

தம்பி, வீடியோவில் சொன்ன தகவல் சரி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் பிரதியும் வத்திக்கான் பிரதியும் மாற்கு 16:8உடன் முடிகின்றன. இன்று அச்சாகும் பல வேதாகமங்களில் அடிக்குறிப்பாகவோ அடைப்புக்குள்ளோ இது போடப்பட்டிருக்கிறது. மறைத்தார்கள் என்பதைவிட, ஞாயிறு வகுப்பில் ஒருவரும் அந்த அடிக்குறிப்பை வாசித்துக் காட்டவில்லை என்பதே உண்மை. அது ஆசிரியர்களின் குறை, அதை நாங்கள் ஒத்துக்கொள்கிறோம். வேதத்தின் சொற்களை ஒப்பிட்டுத் திருத்துவது யாழ்ப்பாணத்துக்குப் புதிய வேலையல்ல. பீற்றர் பேர்சிவல் போதகருக்கு ஆறுமுக நாவலர் துணைநின்ற தமிழ் மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதற்குப் பிறகும் திருத்தங்கள் நடந்திருக்கின்றன.

உயிர்த்தெழுதலின் செய்தி அந்தப் பன்னிரண்டு வசனங்களில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. 16:6இலேயே "அவர் உயிர்த்தெழுந்தார்" என்று வந்துவிடுகிறது. எந்த நற்செய்தி நூலுக்கும் முந்தி, ஏறத்தாழ 55இல், பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். 15ஆம் அதிகாரத்தில் சாட்சிகளின் பட்டியலைத் தரும்போது, தானும் அதை மற்றவர்களிடம் பெற்றதாகச் சொல்கிறார். ஐந்நூறு பேருக்கு மேல் கண்டார்கள், அவர்களில் அநேகர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்ற தொனி அதில் இருக்கிறது.

பெண்களின் கணக்கு: மாற்கு மூன்று பேரின் பெயரைச் சொல்கிறார், யோவான் மகதலேனா மரியாளை மட்டும். ஆனால் யோவான் 20:2ஐ மெதுவாக வாசியுங்கள். தனியே போனதாகத் தெரியும் அந்த மரியாள் பேதுருவிடம், அவரை வைத்த இடம் "எங்களுக்கு"த் தெரியவில்லை என்று பன்மையில் சொல்கிறாள். ஒருவரை மட்டும் பெயர்சொல்லி எழுதினால் மற்றவர்கள் வரவில்லை என்று ஆகாது. எல்லா வித்தியாசமும் இப்படி இலகுவாகத் தீரும் என்று உங்களுக்குச் சொல்லமாட்டோம். சில தீராது. நான்கு பேர் ஒன்றாக இருந்து கதையை ஒப்பேற்றவில்லை என்பதற்கு அதுவும் ஒரு அடையாளம்.

இனிமேல் இப்படிக் கேள்வி வந்தால் செய்ய வேண்டியது: ஒரு கொப்பி வையுங்கள். கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் அது இன்னும் கேள்வியாகவில்லை, கலக்கமாகத்தான் இருக்கிறது. எழுதியபின் பக்கத்தில் மூன்றிலொரு குறி போடுங்கள்: தகவல், பொருள், காயம். "பிரதியில் இருக்கிறதா" என்பது தகவல், அதற்குப் புத்தகம் போதும். "ஆதியாகமம் 1இல் நாள் என்றால் என்ன" என்பது பொருள், அதற்குப் படித்த ஒருவரோடு இருந்து பேச வேண்டும். "அப்பாவை ஏன் எடுத்தார்" என்பது காயம். அதற்குப் புத்தகத்தைக் கொடுத்தால் காயம் இன்னும் ஆழமாகும். கூடுதலாகப் பிழைப்பது இந்த இடத்தில்தான்: காயத்துக்குத் தகவலைப் பூசுகிறார்கள், தகவல் கேட்டவனுக்குக் கண்ணீரோடு செபம் சொல்கிறார்கள்.

ஒரு கேள்விக்கு இரு தரப்பிலும் ஒவ்வொரு நல்ல கட்டுரை, ஒரு கிழமை அவகாசம். இரவு 10 மணிக்குப் பிறகு போனில் தேட வேண்டாம். நித்திரை கெட்ட மூளைக்கு எந்தப் பதிலும் போதாது. விஞ்ஞானம் படிக்கிறீர்களென்றால் ஒன்று: பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் கட்டுரை எழுதிய ஜோர்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு.

சந்தேகம் வந்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேணுமோ? – குருநகர்

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2088ஆம் எண்ணில், இரண்டைப் பிரித்துக் காட்டுகிறது. திருச்சபை நம்பும்படி முன்வைப்பதைத் தெரிந்துகொண்டே ஒதுக்குவது வேண்டுமென்று செய்யும் சந்தேகம். நம்புவதில் தயக்கம், எதிர்க்கேள்விகளுக்கு விடை தெரியாத சங்கடம், விளங்காததால் வரும் பதற்றம் ஆகியவை தாமாக வருபவை. முதலாவதைப் பாவமாகச் சொல்லுங்கள். இரண்டாவதைப் பாவப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. சுவாமியிடம் ஆலோசனையாகக் கேளுங்கள், அதற்குப் பூசை முடிந்து 15 நிமிடம் ஒதுக்கித் தரும்படி தனியே கேட்பது நல்லது. ஆனால் சந்தேகத்தை வேண்டுமென்றே வளர்த்தால் அது ஆன்மீகக் குருட்டுத்தன்மைக்குக் கொண்டுபோகக்கூடும் என்றும் அதே இடத்தில் எச்சரிக்கை இருக்கிறது.

2009 மே மாதம் என்ரை மூத்தவன் காணாமல் போனான். இருக்கிறானோ இல்லையோ தெரியாது. செபிக்கேக்க உயிரோடை இருக்கிறவனுக்கோ, மரிச்ச ஆத்துமாவுக்கோ எண்டு தெரியாமல் நிக்கிறன். மரிச்சவருக்கெண்டு சொன்னால் நானே அவனைச் சாக்காட்டின மாதிரி. கடவுள் கேக்கிறாரோ எண்டும் இப்ப சந்தேகம். – ஒரு தாய், இளவாலை

அம்மா, நீங்கள் எதையும் தெரிவு செய்யத் தேவையில்லை. திருச்சபைச் சட்டம் 901, உயிரோடிருப்பவர்களுக்கும் மரித்தவர்களுக்கும், யாருக்காகவும், குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. பூசைக் கருத்து எழுதிக் கொடுக்கும்போது "ஆத்தும இளைப்பாற்றி" என்றோ "சுகத்துக்காக" என்றோ போடாமல், மகனின் பெயரை மட்டும் எழுதி "ஆண்டவர் அறிந்த நிலையில்" என்று சேருங்கள். கோயில் பொறுப்பாளர் இரண்டிலொன்றைச் சொல்லச் சொன்னால், நேரே பங்குத்தந்தையிடம் போங்கள். வாசிக்கும்போதும் அப்படியே வாசிக்கச் சொல்லலாம். நவம்பர் 2, ஆத்துமாக்கள் திருநாளில் சேமக்காலைக்குப் போக மனம் ஏவாவிட்டால் போகாதீர்கள். அவனுடைய பிறந்தநாளில் மெழுகுதிரி கொளுத்துங்கள், பிறந்தநாள் இரண்டு நிலைக்கும் பொருந்தும். மரணச் சான்றிதழ் எடுப்பதும் எடுக்காததும் சட்ட விடயம். எதைச் செய்தாலும் உங்கள் விசுவாசமும் பாசமும் அதனால் குறையாது. யாரும் உங்களை "ஏற்றுக்கொள்" என்று அவசரப்படுத்த இடம் கொடுக்க வேண்டாம்.

கடவுள் கேட்கிறாரா என்ற கேள்வியை அவரிடமே கேட்கலாம். 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது. 88ஆம் சங்கீதம் இன்னும் கடினமானது. மற்றைய புலம்பல் பாட்டுகளில் பெரும்பாலானவை கடைசியில் ஒரு வரியாவது துதிக்குத் திரும்பும், இது திரும்பாது. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல் "இருள்". அதைத் திருச்சபை ஒதுக்கிவிடவில்லை. திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை இரவுச் செபமாக அதைத்தான் வைத்திருக்கிறது. உலகெங்கும் குருக்களும் கன்னியரும் வெள்ளி இரவில் அந்த இருளைச் சொல்லிவிட்டுத்தான் படுக்கைக்குப் போகிறார்கள். உங்களுக்குச் சொற்கள் வராத இரவில் அதை வாசியுங்கள், அல்லது மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருங்கள். அழுகை வந்தால் அங்கே நிறுத்தலாம். அதுவரை வாசித்ததே முழுச் செபம்.

ஆறுதல் சொல்ல வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. யோபுவின் மூன்று சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் இருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் பிழைத்தது. கடைசியில், யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் அவர்களைத்தான் கடிந்துகொள்கிறார் (42:7). "எல்லாம் கடவுள் சித்தம்" என்று இந்தத் தாய்க்குச் சொல்லாதீர்கள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, மகனின் பெயரைச் சொல்லி, அவன் சின்ன வயதில் எப்படி என்று கேளுங்கள்.

தங்கச்சிக்கு வலிப்பு. ஒரு செபக்குழுவில் மருந்து எடுப்பதே சந்தேகம், அதனால்தான் சுகமில்லை என்கிறார்கள். வீட்டில் மருந்தை நிறுத்த யோசிக்கிறார்கள். – சண்டிலிப்பாய்

நிறுத்த வேண்டாம். வலிப்பு மருந்தைத் திடீரென விட்டால் வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்காமல் போகலாம். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உயிராபத்து, உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே வேளைகள் தவறியிருந்தால், கூட்டிக் கொடுக்காமல், இன்றைக்கே கிளினிக்கில் கேளுங்கள். மருந்தளவைக் குறைப்பதென்றாலும் வைத்தியர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

பவுல் தன் உடன்வேலையாளான துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டு வந்தார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுக்கச் சொன்னார். இவர்களில் ஒருவரையும் சந்தேகக்காரர் என்று அவர் எழுதவில்லை. குணமாகாத நோயாளியின் தலையில் "உன் விசுவாசம் போதாது" என்று பழி வைப்பது அவரை இரண்டு தரம் நோயாளியாக்குவது. செபிக்க வருகிறவர்களை வரச் சொல்லுங்கள். குளிசை வேளைக்கு அவர்களே தண்ணீர் எடுத்துக் கொடுக்கட்டும்.

எனக்கு 19. செபிக்கும்போது தூஷணமான எண்ணம் பாய்ந்து வருகிறது. மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனோ என்று, இரட்சிப்பின் செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒரு சொல் தடக்கினாலும் முதலிலிருந்து. விடிய 2 மணி ஆகிறது. – உடுவில்

பிள்ளை, இது மேலே சொன்ன சந்தேகங்களோடு சேராது, மருந்தும் வேறு. மற்றவர்களுக்குச் சந்தேகம் ஒரு கேள்வி, விடை கிடைத்தால் அடங்கும். உங்களுக்கு விடை கிடைத்த 10 நிமிடத்தில் திரும்பவும் வரும். அதுதான் அடையாளம். எண்ணம், பயம், பயம் அடங்க ஒரு செபம், சிறிது நிம்மதி, திரும்ப எண்ணம்: ஒவ்வொரு தடவை திருப்பிச் சொல்லும்போதும் இந்தச் சுற்று பலப்படுகிறது. மருத்துவத்தில் இதை எண்ணச் சுழற்சி நோயின் மதம் சார்ந்த வடிவம் என்பார்கள். நாளொன்றில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இதில் போனால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு அந்த எல்லை தாண்டிவிட்டது. யாழ் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "செபத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன், நிறுத்த முடியவில்லை" என்று அங்கே இதே சொற்களில் சொல்லுங்கள். மருந்து தந்தால் முழுப் பலன் தெரிய 8 முதல் 12 கிழமை எடுக்கலாம், இடையில் விட்டுவிடாதீர்கள்.

மாற்கு 3:28–30இல் இயேசு மன்னிப்பில்லாத பாவம் என்று சொன்னது, அவர் பிசாசு துரத்துவதைக் கண்ணால் கண்டும் "அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறான்" என்று துணிந்து சொன்னவர்களிடம். அவர்கள் அதற்காக இரவு 2 மணிவரை அழவில்லை.

வீட்டில் செய்யக்கூடியது: செபம் ஒரு தடவை மட்டும். சொல் தடக்கினால் தடக்கியபடியே முடித்து "ஆமென்" சொல்லி எழும்புங்கள். அடுத்த அரை மணித்தியாலம் பதைக்கும். பதைக்கட்டும், அது தானாக இறங்கும். தூஷண எண்ணத்தோடு வாதாட வேண்டாம், எதிர்ச்செபமும் வேண்டாம். ஆலோசனைக்கு ஒரே ஒரு போதகர். அவர் ஒருமுறை சொன்ன பதிலைத் திரும்பக் கேட்கக்கூடாது, கேட்டாலும் அவர் சொல்லக்கூடாது. இஞ்ஞாசியாரே 1522இல் மன்றேசாவில் இதே வதையில் கிடந்தார். அறிக்கையிட்ட பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு உயிரை விடவும் நினைத்தார். பழைய பாவங்களை இனிச் சொல்வதில்லை என்று தீர்மானித்த பிறகுதான் விடுதலை கிடைத்தது. உங்களுக்கும் உயிரை விடும் நினைவு வந்தால், அந்த இரவே வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள், விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

மறைக்கல்வி வகுப்பில் ஒரு எட்டு வயதுப் பிள்ளை "கடவுளை ஆர் படைச்சது?" என்று கேட்டது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் "அப்படிக் கேட்கக்கூடாது" என்றுவிட்டேன். – ஊர்காவற்றுறை

வருகிற ஞாயிறு, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், அது நல்ல கேள்வி என்று சொல்லித் தொடங்குங்கள். எட்டு வயதுக்குப் பதில் இவ்வளவு போதும்: "தொடங்கின சாமானுக்குத்தான் தொடக்கினவர் வேணும். மேசை ஒருநாள் தொடங்கினது. நீ ஒருநாள் பிறந்தாய். கடவுள் தொடங்கினதே இல்லை." 13 வயதில் அதே பிள்ளை "தொடங்காத ஒன்று எப்படி இருக்கும்" என்று திரும்ப வரும். அப்போது இன்னும் ஒரு படி போகலாம்.

யாத்திராகமம் 12:26இல் பஸ்காவை ஏற்படுத்தும்போதே, இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல வேண்டிய பதிலும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. வழிபாட்டுக்குள்ளேயே பிள்ளையின் கேள்விக்கு இடம் போட்டிருக்கிறது.

வகுப்பின் பின்வாங்கில் ஒரு பிஸ்கற் பெட்டியை, மேலே துளை போட்டு வையுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் கடைசி 15 நிமிடம் அதற்கு, இரண்டு கேள்விக்கு மேல் எடுக்க வேண்டாம். தெரியாவிட்டால் "எனக்குத் தெரியாது, வாற ஞாயிறு சொல்லுறன்" என்று சொல்லி, அந்த ஞாயிறு கட்டாயம் சொல்லுங்கள். மறந்தால் பெட்டி ஒரு மாதத்தில் வெறுமையாகிவிடும். உறுதிபூசுதல் வகுப்புப் பிள்ளைகள் தாளை நாலாக மடித்துப் போடுவார்கள். எழுத்தைக் கண்டு ஆளைத் தெரிந்தாலும், பெயர் சொல்லி எழுப்ப வேண்டாம்.